கொக்கைன் நெஞ்சுவலியும் முப்பது வருட மருந்துச் சண்டையும்

1986 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி, மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் லென் பயஸைத் தேர்ந்தெடுத்தது. அந்த வருட டிராஃப்டில் இரண்டாவதாக வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது. வயது 22. இரண்டு நாள் கழித்து, ஜூன் 19 காலையில், அவர் உயிரோடு இல்லை. கொக்கைன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்ததுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. சுகர் இல்லை, தொப்பை இல்லை, மைதானத்தில் குதிரை மாதிரி ஓடுகிற பையன். அப்படிப்பட்ட இதயம் ஒரே ராத்திரியில் நிற்குமா என்று அமெரிக்கா முழுக்கப் பேசினார்கள். அதே வருடம் கடுமையான போதைப்பொருள் சட்டம் ஒன்றும் வந்தது. அந்த அரசியல் தனிக்கதை, இங்கே வேண்டாம்.

நான் எழுத நினைத்தது வேறு விஷயம். கொக்கைன், மெத் மாதிரியான தூண்டு போதையால் நெஞ்சுவலி வந்து ஒருத்தர் எமர்ஜென்சிக்குள் நுழைந்தால், டாக்டர்கள் என்ன செய்வார்கள்? சாதாரண மாரடைப்பு சந்தேகத்துக்குச் செய்வதையே செய்துவிட்டால் போதாதா? போதாது என்பதுதான் சுவாரசியமான பகுதி. அதிலும் ஒரே ஒரு மருந்து வகையை வைத்து இதய டாக்டர்கள் முப்பது வருடத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். (நான் டாக்டர் இல்லை, வாசித்ததைக் குறிப்பாக எழுதுகிறேன். நெஞ்சு வலிக்கிறவர் இதைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. போனை எடுத்து 108-ஐக் கூப்பிடணும், இலங்கையில் என்றால் 1990.)

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏன்னா சிகிச்சை முழுக்க அதிலிருந்துதான் வருகிறது.

நம் நரம்பு நுனிகள் நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொக்கைன் அந்த உறிஞ்சு குழாயை அடைத்துவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கு, வடிகாலை மட்டும் துணி வைத்து அடைத்த மாதிரி. மூளையில் டோபமினுக்கும் இதே கதி. அங்கே அது போதை, இதயத்தில் அது வேதனை.

தேங்கிய நார்எபிநெஃப்ரின் இரண்டு வகை ஏற்பிகளில் போய் உட்காருகிறது. இதயத் தசையில் இருப்பவை பெரும்பாலும் பீட்டா ஏற்பிகள். அவை தூண்டப்பட்டால் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா ஏற்பிகள் தூண்டப்பட்டால் குழாய் சுருங்கும். அதாவது இதயத்துக்கு வேலை கூடுகிறது, பிராணவாயு தேவை கூடுகிறது. அதே நேரத்தில் அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் இறுகுகிறது. வேலையை இரண்டு மடங்காக்கிவிட்டு சம்பளத்தைப் பாதியாக வெட்டுகிற முதலாளி மாதிரி. இது போதாதென்று இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் குணமும் கூடுவதால், கட்டி உருவாகவும் வழி திறக்கிறது. பல வருடம் பழகியவர்களுக்கு இளவயதிலேயே இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவும் சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு குணமும் உண்டு. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற கண் மருத்துவர், கொக்கைன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது, அறுவை செய்யலாம் என்று காட்டினார். நவீன உள்ளூர் மயக்க மருந்தின் தொடக்கமே அதுதான். நரம்பில் சோடியம் நுழையும் வாசலை அடைப்பதால் அந்த மரமரப்பு. இதயத் தசையிலும் அதே வாசல் இருக்கே! அங்கேயும் அடைத்தால் மின்சாரம் மெதுவாகப் பரவும், இசிஜியில் அலை அகலமாகும், துடிப்பு தாறுமாறாகும். அந்த நிலைக்கு நரம்பு வழியே சோடியம் பைகார்பனேட் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு வரமாக இருந்த குணம் இதயத்துக்குச் சாபம்.

ஆபத்து எவ்வளவு? 1999-இல் மிட்டில்மன் குழுவினர் சர்க்குலேஷன் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்த 3,946 பேரிடம் பேசி எடுத்த கணக்கு. கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு. அதன்பின் வேகமாகக் குறைகிறது. ஆனால் முழுசா ஓய்ந்துவிட்டது என்றும் நினைக்க முடியாது. உடம்பு கொக்கைனைச் சிதைக்கும்போது வரும் துணைப் பொருட்களும் குழாயைச் சுருக்கும். அதனால் ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது சுருக்கம் வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கூடவே மது குடித்திருந்தால் கல்லீரல் இரண்டையும் சேர்த்து கோக்கஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளைத் தயாரிக்கிறது. அது கொக்கைனை விட அதிக நேரம் உடம்பில் தங்கும். சிகரெட்டும் சேர்ந்தால் குழாய் இன்னும் இறுகும். பார்ட்டிகளில் இந்த மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன என்பது தெரிந்ததே.

மறுபக்கத்தையும் சொல்லணும். கொக்கைன் எடுத்து நெஞ்சுவலியோடு வருகிற எல்லோருக்கும் மாரடைப்பு கிடையாது. 1994-இல் ஹாலண்டர் குழுவினர் பல மருத்துவமனைகளில் 246 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், 14 பேருக்கு மட்டுமே மாரடைப்பு உறுதியானது. சுமார் 6 சதவீதம். "அப்பாடா" என்று மூச்சு விடும் முன் அடுத்த வரியையும் படிக்கணும். அந்த 14 பேரை மற்றவர்களிடமிருந்து வலியின் இடத்தை வைத்தோ தன்மையை வைத்தோ பிரிக்க முடியவில்லை. இசிஜி காட்டிக்கொடுத்தது அந்த 14 பேரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரைத்தான். இளைஞர்களின் இசிஜியில் நோயே இல்லாமலும் மாரடைப்பு போலத் தெரியும் ஏற்றங்கள் இருப்பது சகஜம். ஆக இசிஜி இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

அதனால்தான் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையை நம்புகிறார்கள், அதையும் சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுக்கிறார்கள். பழைய சிகே பரிசோதனை இங்கே அவ்வளவு உதவாது. போதையில் உடம்பு சூடேறி, ஆடி ஓடி, கைகால் தசைகள் சிதைந்தாலும் சிகே ஏறும், அது இதயத்திலிருந்து வந்ததா தொடையிலிருந்து வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். எக்ஸ்ரேயும் எடுக்கணும், ஏன்னா இதயமே சம்பந்தப்படாத காரணங்களும் உண்டு. புகையாக இழுத்து மூச்சை அடக்கிப் பிடிக்கிறவர்களுக்கு நுரையீரலில் காற்று கசிந்து நெஞ்சுக்குள் தேங்கலாம். இரத்த அழுத்தம் திடீரென எகிறி மகாதமனியின் உள்சுவர் கிழியலாம். இந்தக் கடைசி ஆளை மாரடைப்பு என்று நினைத்து இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகளைக் கொடுத்தால் நிலைமை மோசமாகிவிடும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம்.

ஆஸ்பிரின் உண்டு, கிழிசல் சந்தேகம் இல்லை என்றால். நைட்ரோகிளிசரின் உண்டு. நம்ம ஊரில் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டின் சொந்தக்காரன் அது. சுருங்கிய குழாயைத் தளர்த்தும். இதில் ஒரு கண்ணி இருக்கு. வயாகரா வகை மாத்திரை போட்டவருக்கு நைட்ரேட் கொடுத்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். பார்ட்டிக்குப் போனவரிடம் இதையும் கேட்டாகணும், அவரும் வெட்கப்படாமல் சொல்லியாகணும்.

மூன்றாவது மருந்துதான் பலருக்கு ஆச்சரியம் தரும். டயசிபாம், லோராசிபாம் போன்ற பென்சோடயசிபைன்கள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மருந்துக்கு இங்கே என்ன வேலை? நெஞ்சுவலிக்காரரை "டென்ஷன் ஆகாதீங்க" என்று தட்டிக்கொடுப்பதற்காக இல்லை. நார்எபிநெஃப்ரின் வெள்ளம் கிளம்புவதே மூளையின் உசுப்பலால்தான். மூளையை அமைதிப்படுத்தினால் துடிப்பும் அழுத்தமும் உடல் சூடும் தானாக இறங்கும். அதாவது கீழே ஒவ்வொரு குழாயாக அடைக்காமல், மேலே மதகிலேயே கை வைக்கிற வைத்தியம். 2000-இல் பௌமன் குழு 40 பேரை வைத்து நடத்திய சோதனையில், டயசிபாம் மட்டும், நைட்ரோகிளிசரின் மட்டும், இரண்டும் சேர்த்து என்ற மூன்று வழியும் ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்தன. 2003-இல் வந்த இன்னொரு சிறு ஆய்வில், நைட்ரோகிளிசரினோடு லோராசிபாமும் சேர்த்தபோது நிவாரணம் கூடுதலாக இருந்தது. சின்ன ஆய்வுகள்தான். ஆனால் வேலை செய்யும் விதத்தோடு பொருந்திப் போகின்றன.

இனி சண்டை.

சாதாரண மாரடைப்பில் பீட்டா பிளாக்கர் பழைய நண்பன். இதயத்தின் வேகத்தைக் குறைத்து அதன் பசியைக் குறைக்கிறது. கொக்கைன் எடுத்தவரின் இதயமோ தறிகெட்டு ஓடுகிறது. அப்ப பீட்டா பிளாக்கர் கொடுப்பதுதானே இயல்பு? அப்படித்தான் கொஞ்ச காலம் கொடுத்தும் வந்தார்கள்.

டெக்சாஸ் மாநிலம் டாலஸில் லாங்கே, ஹில்லிஸ் ஆகியோரின் குழு இதை நேரடியாகவே அளந்து பார்த்தது. 1989-இல், வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ செய்ய வந்தவர்களின் ஒப்புதலோடு, காது மூக்கு தொண்டை அறுவையில் மரக்கச் செய்யப் பயன்படும் அளவு கொக்கைனை மூக்கில் செலுத்தினார்கள். இதயக் குழாயின் விட்டம் சுமார் 8 முதல் 12 சதவீதம் சுருங்கியது, இரத்த ஓட்டம் குறைந்தது. ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமைன் கொடுத்ததும் எல்லாம் பழையபடி திரும்பியது. ஆக, குற்றவாளி ஆல்ஃபா. அடுத்த வருடம் அதே மாதிரி கொக்கைன் கொடுத்தவர்களுக்கு புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே குறைந்திருந்த இரத்த ஓட்டம் மேலும் குறைந்தது.

காரணம் இப்படி விளங்கிக்கொள்ளப்பட்டது. பீட்டா ஏற்பிகளில் ஒரு வகை இரத்தக் குழாய்களிலும் இருக்கிறது, அது குழாயைக் கொஞ்சம் விரிக்கும். ஆல்ஃபா இழுக்க, இது எதிர்ப்பக்கம் இழுக்க, கயிறு நடுவில் நிற்கிறது. பீட்டாவை அடைத்தால் எதிர்ப்பக்கம் ஆளில்லை. ஆல்ஃபா தன்னிஷ்டத்துக்குக் குழாயை இறுக்கும். "எதிர்ப்பாரற்ற ஆல்ஃபா" என்ற இந்தக் கருத்து பாடப்புத்தகம் ஏறியது. கொக்கைன் என்றால் பீட்டா பிளாக்கர் கூடாது என்று ஒரு தலைமுறை டாக்டர்கள் மனப்பாடம் செய்தார்கள். 2008-இல் அமெரிக்க இதய சங்கம் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொன்னது.

அதே 2008-இல் ஒரு ஆய்வும், 2010-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையிலிருந்து ரேஞ்சல் குழுவின் ஆய்வும் வந்து கல்லெறிந்தன. ரேஞ்சல் ஆய்வில் சிறுநீரில் கொக்கைன் தடயம் இருந்த 331 நெஞ்சுவலி நோயாளிகள். அவர்களில் 46 சதவீதம் பேருக்கு எமர்ஜென்சியிலேயே பீட்டா பிளாக்கர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் தீங்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும்போது பீட்டா பிளாக்கர் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் இதய நோய் மரணம் குறைவாகவே இருந்தது.

அப்ப டாலஸ் தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ஆய்வும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. டாலஸ்காரர்கள் குழாயை அளந்தார்கள், ஆட்களின் கதி என்ன ஆனது என்று பார்க்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோகாரர்கள் ஆட்களை எண்ணினார்கள், ஆனால் அந்த ஆட்கள் அப்போது போதையில் இருந்தார்களா என்பது சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தெரியாது. சிறுநீரில் தேடுவது பென்சாயிலெக்கொனின் என்ற சிதைவுப் பொருளை, அது இரண்டு மூன்று நாள் வரை தங்கும். முந்தாநாள் எடுத்தவருக்கும் அரை மணி முன் எடுத்தவருக்கும் ஒரே "பாசிட்டிவ்"தான். தவிர, படபடப்போடு வியர்த்துக்கொண்டு வந்தவரைப் பார்த்ததுமே அனுபவமுள்ள டாக்டர் பீட்டா பிளாக்கரைத் தவிர்த்திருப்பார். ஆபத்து குறைந்தவர்களுக்குத்தான் அது போயிருக்கும்.

வழிகாட்டிகளும் இப்படித்தான் நகர்ந்தன. அமெரிக்கச் சங்கங்களின் 2014 வழிகாட்டி, "கொக்கைன் எடுத்தவர்" என்று பொதுவாகச் சொல்லாமல், கொக்கைன் அல்லது மெத்தாம்பெட்டமைன் போதையின் அறிகுறிகள் அந்த நேரத்தில் தெரிகிறவர்களுக்கு பீட்டா பிளாக்கர் கூடாது என்றது. அவர்களுக்கு பென்சோடயசிபைன், நைட்ரோகிளிசரினோடு சேர்த்தோ தனியாகவோ, என்று எழுதியது. லேபட்டலால் மாதிரி ஆல்ஃபாவையும் பீட்டாவையும் சேர்த்து அடைக்கும் மருந்து இருக்கே என்று கேட்கலாம். நரம்பில் கொடுக்கும்போது அது பீட்டாவை அடைக்கிற அளவில் ஏழில் ஒரு பங்குதான் ஆல்ஃபாவை அடைக்கும். 1993-இல் டாலஸ் குழுவே சோதித்தபோது இரத்த அழுத்தம் இறங்கியது, இதயக் குழாயின் சுருக்கம் அப்படியே இருந்தது. எண் அழகாகத் தெரியும், உள்ளே குழாய் இறுகித்தான் இருக்கும். இதற்கு நியாயமான இடம், முதலில் குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகுதான்.

வேறு மருந்தே இல்லாத இக்கட்டில் இந்தச் சண்டை உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கும். போதை உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு நல்ல மாற்று கையில் இருக்கும்போது, பீட்டா பிளாக்கரைத் தள்ளிவைப்பதில் நஷ்டம் குறைவு என்பது என் கணக்கு. குழாய் உண்மையிலேயே அடைபட்ட மாரடைப்பு என்றால் மட்டும் தயக்கமே இல்லை. எல்லோரையும் போல கேத் லேபுக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுக்கணும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இங்கே இரண்டாவது இடம். எகிறிய இரத்த அழுத்தத்தில் மூளையில் கசியும் பயம், ஏமாற்றுகிற இசிஜி, இரண்டும் காரணம்.

இதெல்லாம் பலிக்கணும் என்றால் டாக்டருக்கு விஷயம் தெரியணும். 28 வயசுப் பையனை அப்பா அம்மா இரண்டு பேரும் அழைத்து வந்திருக்கிறார்கள். "தம்பி, ஏதாவது எடுத்தியாப்பா?" என்று அவர்கள் முன்னாடி கேட்டால் என்ன பதில் வரும்? "இல்ல டாக்டர்" என்றுதான் வரும். உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, திட்டாமல், "மருந்து மாறும், அதுக்குத்தான் கேக்குறேன்" என்று சொல்லிக் கேட்கிறவருக்கே உண்மை கிடைக்கும். கூட வந்த நண்பன் தனியாகச் சொன்னாலும் போதும்.

தமிழ் வாசகர்களுக்கு கொக்கைனை விடப் பக்கத்தில் இருப்பது வேறு சரக்கு. இலங்கையில் "ஐஸ்" என்று புழங்கும் மெத்தாம்பெட்டமைன். இந்தியாவில் அதோடு, ஜிம் வட்டாரங்களில் மெஃபென்டர்மைன் ஊசியும். முதுகில் மயக்க ஊசி போடும்போது இறங்கும் இரத்த அழுத்தத்தை ஏற்ற மயக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் மருந்து அது. "வொர்க்கவுட் பிச்சிக்கும் மச்சி" என்று விற்கப்படுகிறது. நெஞ்சுவலி வந்தால் சிகிச்சையின் அடிப்படை ஒன்றுதான். முதலில் அமைதிப்படுத்துவது, சூட்டைத் தணிப்பது, குழாயை விரிப்பது. ஆனால் காலக்கணக்கு மாறும். கொக்கைனின் பாதி ஒரு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். மெத்துக்கு அது சுமார் பத்து மணி நேரம். அதனால் படபடப்பு நாள் முழுக்க நீளலாம். நாள்பட்ட மெத் பழக்கம் இதயத் தசையையே தளர்த்தி வீங்க வைக்கும். நிறுத்தினால் பலருக்கு அது ஓரளவாவது திரும்புகிறது.

நிறுத்துவது பற்றி ஒரு ஆய்வு. 2003-இல் வெபர் குழுவினர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது. கொக்கைன் நெஞ்சுவலியோடு வந்து, முதல் பரிசோதனைகளில் பெரிய ஆபத்து தெரியாதவர்களை 9 முதல் 12 மணி நேரம் மட்டும் கண்காணித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த 30 நாளில் ஒருத்தர்கூட இதய நோயால் சாகவில்லை. முழு விவரம் கிடைத்த 256 பேரில் 4 பேருக்கு மட்டும் உயிருக்கு ஆபத்தில்லாத மாரடைப்பு. அந்த 4 பேருமே வீட்டுக்குப் போய் மறுபடி கொக்கைன் எடுத்தவர்கள். ஆக, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுகிற எந்த மாத்திரையை விடவும், போதை மறுவாழ்வு மையத்தின் முகவரிக்குத்தான் அங்கே வேலை அதிகம்.

சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம் பெரிய தடை. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான போதை அடிமை ஒருவர், தானாக முன்வந்து அரசின் அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிக்கப்படலாம். மீள்வதற்கான இந்திய அரசின் இலவச எண் 14446, இலங்கையில் 1927. எமர்ஜென்சியில் சொல்ல வேண்டியது நாலே விஷயம்: என்ன எடுத்தது, எத்தனை மணிக்கு, கூட மது உண்டா, வயாகரா வகை மாத்திரை போட்டாரா.